கேள்வி-பதில்: கராஜில் நிற்கும் டாட்சனுக்காக 15,000 பவுண்டு கடன் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் இருக்கிறோம். கணவருக்கு 44 வயது, எனக்கு 40. இரண்டு பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிறார்கள். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 48,000 பவுண்டு, பகுதிநேர வேலையில் எனக்கு 19,000. வீட்டுக் கடன் தவணை 1,420 பவுண்டு உட்பட மாதச் செலவு 3,400 ஆகிறது. தவணையின் நிலையான வட்டிக் காலம் அடுத்த ஆண்டு முடிகிறது. சேமிப்பு என்று கேஷ் ஐசாவில் (வட்டிக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு) இருப்பது 9,000 பவுண்டுதான்.

2022-ல் அவர் 11,000 பவுண்டுக்கு ஒரு 1972 டாட்சன் 240இசட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த, ஓடாத கார். இதுவரை 6,400 பவுண்டு செலவு செய்து எஞ்சினையும் கார்புரேட்டர்களையும் தானே பிரித்துப் புதிதாக்கிவிட்டார். பாடி வேலை இன்னும் தொடங்கவில்லை. பாதி கார் அட்டைப் பெட்டிகளில் இருக்கிறது. டிங்கரிங், பெயிண்ட் இரண்டையும் வெளியே கொடுக்க 15,000 பவுண்டு தனிநபர் கடன் வாங்க வேண்டும் என்கிறார். ஐந்து ஆண்டு, 9 சதவீத வட்டி. முடித்தால் 40,000-க்குப் போகும், இது முதலீடு, அமெரிக்காவில் ஒன்று மூன்று லட்சம் டாலருக்குப் போயிருக்கிறது என்கிறார். வாங்கலாமா, அல்லது காரை விற்கச் சொல்லட்டுமா? கார் செலவைச் சமாளிக்க இரண்டு ஆண்டுகளுக்கு முன் பென்ஷனுக்குப் பிடிப்பதை 8 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்துக்கொண்டார். அதனால் அவர் கம்பெனியும் 6-லிருந்து 3 சதவீதமாகக் குறைத்துவிட்டது.

பதில்: சகோதரி, கடன் வேண்டாம். காரையும் இப்போதைக்கு விற்கச் சொல்லாதீர்கள். இந்தக் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது கார் இல்லை, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த பென்ஷன் விஷயம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த மூன்று லட்சம் டாலர். 2020 ஜனவரியில் ஒரு இணைய ஏலத்தில் 1971-ஆம் ஆண்டு 240இசட் ஒன்று 3,10,000 டாலருக்குப் போனது உண்மை. 1970-ல் அமெரிக்க ஷோரூமில் இந்த மாடல் 3,526 டாலருக்கு விற்றது. ஆனால் ஏலம் போன அந்த வண்டி ஐம்பது வருடத்தில் ஓடியதே சுமார் 21,000 மைல். யாரும் பிரிக்காமல், நோண்டாமல் விட்டதற்குத்தான் அந்த விலை. உங்கள் கணவர் செய்துகொண்டிருப்பது அதற்கு நேர் எதிரான வேலை. அந்த ஏலத்தை இந்தக் கணக்கில் கொண்டுவரக் கூடாது.

நான் பார்க்கச் சொல்லும் உதாரணம் வேறு. 1997 வாக்கில் நிசானின் அமெரிக்கக் கிளையே பழைய 240இசட்களைத் தேடி வாங்கி, புதுப்பித்து, தன் டீலர்கள் வழியாக விற்றுப் பார்த்தது. ஒரு வண்டி ஏறக்குறைய 25,000 டாலர். காரைச் செய்த கம்பெனி, உதிரி பாகம் அவர்களிடமே, வாங்க ரசிகர்களும் தயார். அப்படியிருந்தும் ஐம்பது கார்களை எட்டும் முன்பே திட்டத்தை மூடினார்கள். அவர்களுக்கே கட்டுப்படியாகாத வியாபாரம் மில்டன் கீன்ஸ் கராஜில், அதுவும் வட்டிக்கு வாங்கிய பணத்தில், எப்படிக் கட்டுப்படியாகும்?

காரணம் கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தத் தொழிலுக்கென்றே சொன்னது போல இருக்கும். துருப்பிடித்த ஒரு பாடியைச் சரியாகச் செய்ய நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 70 பவுண்டு, 400 மணி நேரம் என்று வைத்தால் 28,000. வாட் வரி 20 சதவீதம் சேர்த்தால் 33,600. 15,000 என்ற எண்ணை உங்கள் கணவருக்கு யார் கொடுத்தார்கள்? கடிதத்தில் கொட்டேஷன் என்ற சொல்லே இல்லை. மனக்கணக்கு என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அந்த மனக்கணக்கையே ஏற்றுக்கொள்வோம். வாங்கியது 11,000, செலவழித்தது 6,400, கடன் 15,000, ஐந்து ஆண்டு வட்டி சுமார் 3,530. மாதம் 309 பவுண்டு கட்ட வேண்டும். மொத்தம் 35,930. அவர் சொல்லும் 40,000-க்கே விற்றாலும் கையில் நிற்பது 4,000 சொச்சம். அதில் கண்ணாடி ரப்பர், குரோம், டயர், சீட் வேலை எதுவும் சேரவில்லை. அவர் கராஜில் கழிக்கும் நேரம் எல்லாம் சேர்ந்து 600 மணி என்று வைத்தால்கூட மணிக்கு ஏழு பவுண்டு தேறாது. இங்கே குறைந்தபட்சக் கூலி அதைவிட அதிகம். பிரிட்டனில் வலப்பக்க ஸ்டியரிங் உள்ள 240இசட்டுக்குத்தான் கூடுதல் மதிப்பு. உங்களுடையது கலிஃபோர்னியா வண்டி என்றால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும், அந்த 40,000-ஐயும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் அவரைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. மீன்பிடிக்கப் போகிறவர் கிலோவுக்கு என்ன அடக்கமாகிறது என்று கணக்குப் பார்ப்பதில்லை. இதுவும் அந்த மாதிரிச் செலவு. அதற்கு முதலீடு என்று பெயர் வைக்கும்போதுதான் கடன் வாங்கத் துணிச்சல் வருகிறது.

அடுத்தது துரு. பண விஷயம் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். உங்கள் கேள்விக்கான விடை வங்கியில் இல்லை, அந்தக் காரின் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

240இசட்டுக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடிதான் முதுகெலும்பு. எஞ்சினோ, 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். அந்தக் காரிலேயே எளிதில் சாகாத பாகம் அதுதான். உங்கள் கணவர் முதல் 6,400-ஐ அதில்தான் போட்டிருக்கிறார். எல்லோரும் செய்வதுதான். எஞ்சின் வேலை சுகமானது, மேசையில் வைத்துச் செய்யலாம், முடிந்ததும் பளபளவென்று நிற்கும். துரு அதுவரை காத்திருக்காது. நானும் இதே தவறைச் செய்தவன். 1991 மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வைத்திருந்தேன். துணிக்கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சிறு குழாய் வழியே வெளியேற வேண்டும். அதில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகட்டுக்குள் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். அது தெரியாமல் ஒரு வொர்க்‌ஷாப்பில் முழுக்க பெயிண்ட் அடித்தேன். அடுத்த எம்ஓடி (ஆண்டுதோறும் செய்யும் வண்டித் தகுதிச் சோதனை) சோதனையில் ஜாக்கி வைத்ததும் அந்த இடம் பிஸ்கட் போல நொறுங்கியது. உள்ளே பார்த்தால் ஓட்டையை மறைத்துப் பூசிய பட்டியும் ஃபைபர் துணியும். பெயிண்டுக்குக் கொடுத்த காசு போயே போச்சு.

ஆகவே வரும் சனிக்கிழமை அவர் கையில் ஒரு பழைய ஸ்க்ரூட்ரைவரைக் கொடுங்கள். பேட்டரி வைக்கும் தட்டும் அதற்கு நேர் கீழே ஓடும் ரெயில் எனப்படும் நீளத் தாங்குதகடும் முதலில். பல வருடம் ஆசிட் சொட்டிய இடம் அது. பிடியால் தட்டினால் நல்ல தகடு ‘டங்’ என்று ஒலிக்கும். அரித்தது ‘டொக்’ என்று அமுங்கும். அமுங்கினால் முனையால் குத்தட்டும், பெயிண்ட் கெடுமே என்று தயங்க வேண்டாம். பிறகு கால் வைக்கும் தரை. அங்கே சத்தத்தைக் குறைக்கத் தார் விரிப்பு ஒட்டியிருப்பார்கள். மேலே பார்க்க நன்றாக இருக்கும், அடியில் ஈரம் கோத்துத் தகடு கரைந்திருக்கும். உலர் பனிக்கட்டியை (டிரை ஐஸ்) பரப்பிக் கால் மணி நேரம் விட்டு சுத்தியலால் தட்டினால் தார் கண்ணாடி போல உடைந்து வரும். கையுறை போட்டுக்கொண்டு, கராஜ் கதவைத் திறந்துவைத்துத்தான் செய்ய வேண்டும். அடுத்து கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள வளைவு, ஸ்டெப்னி கிடக்கும் குழி, முன் கண்ணாடியின் கீழ் ஓரம். கலிஃபோர்னியா வண்டி என்பதால் பலவும் தப்பியிருக்கலாம். அங்கே வெயில் டாஷ்போர்டைத்தான் வெடிக்க வைக்கும், தகட்டைத் தின்பது குறைவு.

ஓட்டைகளை எல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு, படம் எடுத்து, இரண்டு பாடி வொர்க்‌ஷாப்களில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஆனால் அதற்கு முந்தின இரவு இருவரும் உட்கார்ந்து ஒரு எல்லைக் கோட்டைத் தாளில் எழுதிவிடுங்கள். என்னைக் கேட்டால் பாடிக்கு மட்டும் 12,000. கொட்டேஷனைப் பார்த்த பிறகு எழுதினால் அந்தக் கோடு மெல்ல நகரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

கொட்டேஷன் அதற்குள் அடங்கினாலும் கடன் வேண்டாம், பணம் சேர்ந்த பிறகு வேலையைக் கொடுக்கட்டும். அதைத் தாண்டினால் இரண்டு வழி. ஒன்று, அவரே வெல்டிங் கற்றுக்கொள்வது. இங்கே பல கல்லூரிகளில் மாலை வகுப்பு இருக்கிறது. வகுப்பும் மிக் வெல்டிங் மெஷினும் சேர்ந்தாலும் கடன் வட்டி அளவுக்கு வராது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு, முதல் பத்து முயற்சியில் ஓட்டைதான் விழும். பழைய பீரோ கதவில் பழகட்டும். இந்தக் காருக்குத் தரைத் தகடு, ரெயில், வளைவுத் துண்டு எல்லாம் புதிதாக அடித்து விற்கிறார்கள். நான்கு ஆண்டில் 6,400 என்றால் மாதம் 130-தான் செலவழித்திருக்கிறார். அதே 130 தனிக் கணக்கில் விழட்டும், சேர்ந்தால் ஒரு துண்டு வாங்கட்டும், சேராத மாதம் கராஜைக் கூட்டிப் பெருக்கட்டும். ஐந்தாறு ஆண்டு ஆகலாம். ஆகட்டுமே! வீட்டில் கார் செய்கிறவருக்கு இருக்கும் ஒரே லாபம் தன் உழைப்புக்குக் கூலி இல்லை, காலத்துக்கு வாடகை இல்லை என்பதுதான். கடன் வந்தால் மாதம் 309 பவுண்டு துரத்தும், அவசரத்தில் எல்லாவற்றையும் வெளியே கொடுப்பார், அந்த லாபமும் போய்விடும்.

இரண்டாவது வழி, விற்பது. அப்படி முடிவானால் பெட்டிகளோடு விற்காதீர்கள். பிரித்துப் போட்ட காரைப் பார்த்தாலே எது இருக்கிறது, எது தொலைந்தது என்ற பயத்தில் விலையைப் பாதியாகக் கேட்பார்கள். எஞ்சினை உள்ளே இறக்கி, ஸ்டார்ட் செய்து, உருட்டிக்கொண்டு போகிற நிலையில் ரசீதுகளோடு விற்றால் போட்டதில் பெரும்பகுதி திரும்பும். விற்காவிட்டாலும் ஒவ்வொரு நட்டு போல்ட்டையும் பெயர் எழுதிய பையில் போடச் சொல்லுங்கள்.

9,000 ஐசாவைத் தொடவே வேண்டாம். உங்கள் செலவுக்கு அது மூன்று மாதத்துக்குக்கூடக் காணாது, அடுத்த ஆண்டு தவணை வேறு மாறுகிறது. ஐசா ‘ஃப்ளெக்ஸிபிள்’ வகை இல்லை என்றால், எடுத்ததைத் திரும்பப் போடுவதும் அந்த ஆண்டு வரம்பில் புதிதாகப் போட்டதாகவே எண்ணப்படும்.

சில்லறை விஷயங்கள். பிரிட்டனில் சொந்தக் காரை விற்று லாபம் வந்தால் மூலதன ஆதாய வரி கிடையாது, நஷ்டத்தையும் எதிலும் கழிக்க முடியாது. இதே ருசியில் இன்னொன்று வாங்கி விற்க ஆரம்பித்தால் அது வியாபாரம், வருமான வரி வரும். நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு சாலை வரி இல்லை, பெரிய மாற்றம் செய்யாதவரை எம்ஓடியும் கட்டாயமில்லை. கட்டாயமில்லாவிட்டாலும் செய்துகொள்வதுதான் என் கட்சி. ஓடாத காலத்துக்கு சோர்ன் பதிவு (வண்டி சாலையில் ஓடவில்லை என்று அரசுக்குத் தெரிவிப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இன்ஷூரன்ஸ் பொதுவாகக் காரைச் சேர்ப்பதில்லை. தீக்கும் திருட்டுக்கும் ‘நிறுத்தி வைத்த வண்டி’ பாலிசி தனியே எடுக்க வேண்டும், மதிப்பை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வகையாகப் பார்த்து எடுங்கள். கராஜில் வெல்டிங் செய்வதை வீட்டு இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்போது பென்ஷன். 48,000-ல் 3 சதவீதம் 1,440 பவுண்டு. அதைக் குறைத்ததால் 20 சதவீத வரி போக அவர் கைக்கு வந்தது ஆண்டுக்கு சுமார் 1,150. பென்ஷன் கணக்கில் விழாமல் போனது அவருடைய 1,440, கம்பெனியின் 1,440, ஆக 2,880. எடுக்கும்போது வரி உண்டு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் நஷ்டம் நஷ்டம்தான். இரண்டு ஆண்டில் கம்பெனி தரத் தயாராக இருந்த 2,880 பவுண்டை அவராகவே வேண்டாம் என்றிருக்கிறார். எஞ்சின் வேலைக்கு ஆன செலவில் ஏறக்குறைய பாதி! யானையைக் கட்டித் தீனி போடுவது அவர் விருப்பம், ஆனால் தீனி இந்தப் பக்கமிருந்து போகக் கூடாது.

பழையபடி 8 சதவீதத்துக்கு மாற்றினால் மாதம் 96 பவுண்டு சம்பளத்தில் குறையும். அதைச் சமாளிக்க கார் கணக்கு 130-லிருந்து 80 ஆனாலும் பரவாயில்லை. எச்.ஆர். பிரிவுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும், இன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள். ஸ்க்ரூட்ரைவர் சனிக்கிழமை வரை காத்திருக்கும்.