மூளையில் புரதம் படிகிறது என்றால் பருப்பை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. இரண்டு வருடமாகப் பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். மூளைச் செல்களில் புரதம் படிவதுதான் இந்த நோய் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அம்மா பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அப்பா மெலிந்துகொண்டே வருகிறார். நாங்கள் செய்வது சரியா?

பதில்: இன்றைக்கே பருப்பையும் முட்டையையும் மீனையும் திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. இதே கேள்வியோடு பலர் வருகிறார்கள். ஆனால் மூளையில் படிவது சாப்பாட்டுப் புரதம் அல்ல. நாம் சாப்பிடும் புரதம் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாக உடைந்த பிறகுதான் ரத்தத்தில் சேர்கிறது.

படிகிற புரதத்தின் பெயர் ஆல்பா சைனூக்ளின். நரம்புச் செல்கள் தாங்களே தயாரிப்பது. உங்கள் மூளையிலும் என் மூளையிலும் இருக்கிறது. 140 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. பார்க்கின்சனில் அந்தச் சங்கிலி தப்பாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. செல்லால் அதை அப்புறப்படுத்த முடிவதில்லை. சாயமேற்றிய மூளைத் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், செல்லுக்குள் இளஞ்சிவப்பாக ஓர் உருண்டை, அதைச் சுற்றி வெளிறிய வளையம். 1912-இல் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லூயியின் பெயரால் லூயி உருண்டைகள் என்கிறோம். அவற்றில் நிறைந்திருப்பது இந்தப் புரதம்தான் என்பது 1997-இல்தான் தெரிந்தது. குடல் நரம்புகளிலும் வாசனை அறியும் பகுதியிலும்கூட இது படிகிறது. கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கலும் வாசனை தெரியாமல் போவதும் பலருக்கு வந்துவிடுவது அதனால்தான் என்று கருதுகிறோம்.

சரி, சாப்பாட்டுப் புரதத்தால் எந்தச் சிக்கலும் இல்லையா? மாத்திரையோடு சேரும்போது உண்டு. லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம். குடலைத் தாண்டவும் மூளைக்குள் நுழையவும் அது போகும் வழியில்தான் பருப்பிலிருந்தும் மீனிலிருந்தும் வந்த அமினோ அமிலங்களும் போகின்றன. காலையில் முட்டையும் பாலுமாகச் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால், சிலருக்கு அது வேலை செய்யவே தாமதமாகும்; சட்டைப் பொத்தான் போடக்கூட விரல் வளையாது.

அதனால் நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் மாத்திரை; அல்லது சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் தரலாம். அப்படியும் பகலில் மருந்தின் வேகம் விட்டு விட்டு வந்தால், புரதத்தின் பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளும் முறை ஒன்று இருக்கிறது. அதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு அது தேவைப்படுவதில்லை.

அப்புறம், யாராவது பூனைக்காலி விதைப் பொடி நல்லது என்று சொன்னால் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அதில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, உடம்பு எப்போது இறுகியது. அப்பாவின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். மெலிவுக்கு இந்த நோயே காரணமாகலாம், வேறு காரணமும் இருக்கலாம். அடுத்த தேதி வரை காத்திருக்காமல் நோட்டோடு டாக்டரைப் போய்ப் பாருங்கள்.