'பாழ்': கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பாழடைந்த வீடு, பாழ்நிலம், 'வாழ்க்கையே பாழ்' மூன்றிலும் பொருள் ஒன்றுதானா?

பதில்: வேர் ஒன்றுதான்: இருக்க வேண்டியது இல்லாமற்போன வெறுமை. வீட்டில் ஆள் இல்லை, நிலத்தில் பயிர் இல்லை, வாழ்க்கையில் பயனோ துணையோ இல்லை. இடிந்து விழுந்தால்தான் பாழ் என்பதில்லை. 'நீறில்லா நெற்றி பாழ், நெய்யில்லா உண்டி பாழ்' என்கிறது நல்வழி. நெற்றி இடிந்தா விழுந்தது? அதே வெண்பாவில் ஔவையார் உடன்பிறப்பு இல்லாத உடம்பையும் மனைவி இல்லாத வீட்டையும் பாழ் என்கிறார். தனிமைப் பொருள் அங்கேயே வந்துவிடுகிறது.

கேள்வி: தரிசும் பாழும் ஒன்றா?

பதில்: இல்லை. தரிசு உழாமல் கிடக்கிறது. மழை பெய்து ஏர் பூட்டினால் விளைந்துவிடும். பாழில் கைவிட்ட குறிப்பு இருக்கிறது. தவிரவும், 'தரிசு வீடு' என்று யாரும் சொல்வதில்லை.

கேள்வி: பாழ்க்கிணறா, பாழ்ங்கிணறா?

பதில்: இரண்டும் சரி. 'பாழென் கிளவி மெல்லெழுத்து உறழ்வே' என்று தொல்காப்பியமே இடம் கொடுத்துவிட்டது. பாழுங்கிணறும் வழக்கில் நிலைத்த வடிவம்தான். 'பாள்' என்று எழுதுகிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

கேள்வி: பாழ் தானாக நேர்வது மட்டும்தானா?

பதில்: பிறர் செய்வதும் உண்டு. புறநானூற்றின் 15ஆம் பாட்டில் நெட்டிமையார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியிடம் 'பாழ் செய்தனை' என்கிறார். பகைவரின் கோட்டைக்குள், தேர் ஓடிக் குழிந்த தெருவில், வாய் வெளுத்த கழுதைகளை ஏரில் பூட்டி உழுதிருக்கிறான். மாட்டை விட்டுக் கழுதையைப் பூட்டியது வேண்டுமென்றே செய்த அவமதிப்பு. அடுத்து, பறவைகள் ஒலிக்கும் விளைவயலில் குதிரைகள் தாவத் தேரை ஓட்டுகிறான். ஊரும் போயிற்று, சோறும் போயிற்று. புலவர் இதைப் புகழாகப் பாடுகிறார் என்பதுதான் எனக்கு நெருடல்.

கேள்வி: பாழ் என்றால் பூச்சியமாமே?

பதில்: பரிபாடலின் மூன்றாம் பாட்டில் 'பாழ் எனக் கால் எனப் பாகு என ஒன்று என' என்று எண்கள் ஏறுகின்றன. கால், அரை, ஒன்று என்ற வரிசைக்கு முன்னே நிற்பதால் பூச்சியம் என்று கொள்வோர் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கேள்வி: 'பாழாய்ப்போன பஸ் இன்னும் வரவில்லை' என்கிறோமே?

பதில்: அதில் இருப்பது எரிச்சல் மட்டும்தான். வந்ததும் ஏறிக்கொள்ளுங்கள்.