விமானம் தொப்பென்று இறங்கியதில் முதுகு வலி: இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: போன மாதம் அம்மா (வயது 67) தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போனார். அங்கே ஒரு சிறிய விமான நிலையத்தில் விமானம் தொப்பென்று இறங்கி, ஒரு முறை எகிறி, மறுபடியும் தரையில் இடித்தது. யாருக்கும் வெளிக்காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மாவுக்கு நடு முதுகில் வலி. வலி மாத்திரையிலேயே நாளை ஓட்டுகிறார். விமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க முடியுமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கேட்கலாம். ஆனால் அதற்கு முன் எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு தேய்ந்த வயதில் இப்படி ஒரு குலுக்கலிலேயே முதுகெலும்பின் ஒரு கட்டை நசுங்கிவிடலாம். மாத்திரை வலியை மறைக்குமே தவிர அதைக் காட்டாது. அரசாங்க கிளினிக்கிலேயே காட்டலாம். எந்தத் தேதியில், எந்த விமானத்தில், எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் சொல்லி எழுதவையுங்கள். அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என்றால், “வாளி தூக்கித் தூக்கி வந்த பழைய வலி இது” என்று எதிர்த்தரப்பு சொல்லும். பழைய எக்ஸ்ரே ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். மலேசியா, இந்தியா இரண்டுமே 1999 மொண்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேர்ந்தவை. நாடு விட்டு நாடு போகும் விமானப் பயணிகளுக்கான இழப்பீட்டு ஒப்பந்தம் அது. விமானத்துக்குள் நடந்த ‘விபத்தால்’ உடலில் காயம் என்றால், நிறுவனத்தின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 28 முதல் இதற்கான வரம்பு 151,880 எஸ்டிஆர் (அனைத்துலக நாணய நிதியத்தின் கணக்கு அலகு). நம் காசில் 8 லட்சம் வெள்ளிக்கும் மேல். அவ்வளவும் கைக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். நிரூபிக்கக்கூடிய நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான். பயந்துபோனதற்கு மட்டும் காசு கிடையாது.

சிக்கல் ‘விபத்து’ என்பதில்தான். சுவிட்சர்லாந்தின் ஆல்டன்ரைன் என்ற சிறிய விமான நிலையத்தில் 2014-இல் ஒரு விமானம் பலமாக இறங்கியது. ஒரு பெண் பயணி, முதுகெலும்பு வட்டு பாதிக்கப்பட்டதாக வழக்குப் போட்டார். கருவியில் பதிவானது 1.8 ஜி, அந்த விமானம் தாங்கக்கூடியது 2 ஜி (ஜி என்பது புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு விசை என்ற அளவு). எல்லைக்குள், முறைப்படி நடந்த தரையிறக்கம் பயணிக்கு எவ்வளவு எதிர்பாராததாகத் தோன்றினாலும் விபத்து ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. பயணியின் பக்கம் நின்று பார்த்தால் கடுமையான தீர்ப்பு என்பேன். நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் மேசையில் போடுவது அதைத்தான்.

அதாவது, எவ்வளவு பலமாக இடித்தது என்று அம்மாவுக்குப் பட்டது போதாது. பயணிகள் விமானத்தின் சக்கரக் கால்கள், தரையிறங்கும் உச்ச எடையோடு நொடிக்கு 10 அடி, அதாவது நிமிடத்துக்கு 600 அடி வேகத்தில் இறங்கினாலும் தாங்கும்படி கட்டப்படுகின்றன. வழக்கமாக இறங்குவது நொடிக்கு இரண்டு மூன்று அடி. இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, பலமாக இடித்தும் எல்லைக்குள் இருக்கலாம். மழையில் நனைந்த ஓடுபாதையிலும் குட்டையான ஓடுபாதையிலும் விமானி வேண்டுமென்றேதான் அழுத்தி இறக்குவார். பூப்போல இறக்கப்போனால் பாதை வீணாகிவிடும். எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 பிப்ரவரி 17 டொரோண்டோ விபத்தைப் பாருங்கள்: நிமிடத்துக்குச் சுமார் 1,100 அடி வேகம், சக்கரக் கால் முறிந்து, இறக்கை பிய்ந்து, விமானம் தலைகீழானது. 80 பேரும் பிழைத்தார்கள்.

உங்களுக்கு வேண்டியது பதிவுகள். கறுப்புப் பெட்டி வழக்கமாகக் கடைசி 25 மணி நேர அளவுக்குத்தான் பறப்புத் தரவை வைத்திருக்கும். அம்மாவின் பயணப் பதிவு அதில் இந்நேரம் அழிந்திருக்கும். ஆனால் நிறுவனங்கள் பறப்புத் தரவைத் தனியாக இறக்கி வைப்பது வழக்கம். விமானிக்குச் சந்தேகம் வந்திருந்தால் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதியிருப்பார், பொறியாளர் சோதித்திருப்பார். விமான எண், தேதி, இருக்கை எண் போட்டு, இந்தப் பதிவுகளை அழிக்காமல் வைக்கும்படி இந்த வாரமே கடிதம் அனுப்புங்கள். அதே விமானம் அன்று திரும்பிப் போவது தாமதமானதா என்று கூடப் போனவர்களிடமோ டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டிடமோ கேளுங்கள். தாமதமாகியிருந்தால், சோதனை நடந்திருக்கலாம் என்பதற்கு அது நல்ல தடயம்.

அம்மா பெல்ட் போட்டிருந்தாரா என்றும் கேட்பார்கள். போடவில்லை என்றால் தொகை குறையலாம். விமானம் சேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் உரிமை போய்விடும். பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் அதன் கெடு இன்னும் குறைவாக இருக்கும், பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். அப்புறம், நிறுவனம் ஒரு சின்னத் தொகையை நீட்டி “இத்தோடு முடிந்தது” என்கிற மாதிரி பாரம் கொடுத்தால், எக்ஸ்ரே முடிவு வரும்வரை அம்மா அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.