கையெழுத்தில்லாத வக்காலத்து

அன்புள்ள ஐயா,

விலங்குரிமைக்காரர்கள் வரும் கதைப்படங்களைத் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதியில் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடும் வேலையில் கூடமாட நிற்பவன் என்பதால் சொந்த ஆர்வமும் உண்டு. ஆனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் எங்கள் ஆட்கள் ஒன்று கிறுக்கர்கள், இல்லையென்றால் உலகத்தை அழிப்பவர்கள். '28 டேஸ் லேட்டர்' படத்தில் அவர்களால்தான் நோயே பரவுகிறது. '12 மங்கீஸ்' படத்தில் கோமாளிகள். 'ஓக்ஜா' மீது நம்பிக்கை வைத்திருந்தேன். அதிலும் விலங்கு விடுதலை முன்னணி என்ற குழுவைச் சேர்ந்த ஒருவன், ஓக்ஜா என்ற ராட்சதப் பன்றியை வளர்க்கும் மிஜா என்ற சிறுமியை ஏமாற்றுகிறான். ஏமாற்றிவிட்டுக் கிளம்பும்போது 'இங்கிலீஷ் கத்துக்கோ' என்று புத்திமதி வேறு! இயக்குநர் பாங் ஜூன்-ஹோவுக்கும் எங்களைக் கண்டால் இளக்காரமா?

இன்னொன்று. 'ஓக்ஜா' பார்த்த பிறகு மூன்று வாரம் கறியைத் தொடவில்லை. அக்கா மகனுக்குக் காதுகுத்து வந்தது, கெடா விருந்து. தாய்மாமன் நான், இலையில் உட்கார மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதோடு முடிந்தது. இந்தப் படங்களால் என்னதான் பயன்?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

முதலில் அந்த 'இங்கிலீஷ் கத்துக்கோ'. அவன் அப்படிச் சொல்லவே இல்லை.

கே என்ற அந்தக் கொரிய-அமெரிக்க இளைஞன் அந்த இடத்தில் கொரிய மொழியில் கத்துவது, 'மிஜா! அப்புறம், என் பேரு கு சூன்-பம்' என்பது. கொரியர்கள் காதுக்கு அது ஒரு பழைய காலத்துப் பட்டிக்காட்டுப் பெயர். இவ்வளவு நவீனமான புரட்சிக்காரனுக்கு இந்தப் பெயரா என்று அவர்கள் சிரிப்பார்கள். ஆங்கில சப்டைட்டிலிலோ, ஆங்கிலம் படி, புதிய கதவுகள் திறக்கும் என்று ஓடுகிறது. தெரியாமல் நடந்த பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்தது. கொரியன் தெரிந்தவனுக்கு ஒரு நகைச்சுவை, தெரியாதவனுக்கு வேறொன்று. எனக்கும் ஒரு நண்பர் சொல்லித்தான் தெரியும். அதுவரை கீழே ஓடிய வரியை நம்பி நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆக, உங்களுக்கு வந்த எரிச்சல் ஒரு தப்பான மொழிபெயர்ப்பால் வந்தது. என்னைக் கேட்டால் அந்தப் படமே இதைப் பற்றியதுதான்.

ஓக்ஜாவையும் மிஜாவையும் முன்னணிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போகும் லாரிக்குள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஓக்ஜாவை இறைச்சிக்காக உருவாக்கிய நிறுவனம் அதன் காதில் வைத்திருக்கும் கருவியை எடுத்துவிட்டு, கேமரா பொருத்திய தங்கள் கருவியை வைத்து, அதைத் திரும்ப நிறுவனத்திடமே போகவிட வேண்டும் என்பது திட்டம். ஆய்வுக்கூடத்துக்குள் நடக்கும் கொடுமை வெளியே வந்துவிடும். ஆனால் குழுத்தலைவன் ஜே, உன் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டோம் என்று மிஜாவிடம் சொல்கிறான். ஓக்ஜாவோடு மலைக்குத் திரும்பிப் போகணும் என்கிறாள் அவள். கே அதை ஆங்கிலத்தில் சொல்கிறான்: 'அவள் சம்மதிக்கிறாள்.'

ஒரே ஒரு பொய். அதனால் ஓக்ஜா அந்தக் கூடத்தில் படும் பாடு நமக்குத் தெரியும். பின்னால் கே உண்மையை ஒப்புக்கொள்ளும்போது, யாருக்கும் தீங்கு செய்யாதவன் என்று பெருமை பேசும் ஜே அவனைப் போட்டு மிதிக்கிறான். மாற்றி மொழிபெயர்த்ததற்காக அடிக்கிறான். கேலியாக எடுக்கப்பட்ட காட்சிதான். ஆனால் நான் அதில் சிரிக்கவில்லை.

உங்களிடம் தெருவில் யாராவது 'நாய்க்கு வக்காலத்தா?' என்று கேட்டிருப்பார்கள். கேட்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அந்தச் சொல்லை அவர்கள் ஏளனமாகச் சொல்கிறார்கள், ஆனால் சரியான சொல். நீதிமன்றத்தில் வக்காலத்து நாமா என்று ஒரு தாள் உண்டு. கட்சிக்காரர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் வக்கீல் அவருக்காகப் பேச முடியும். விலங்குக்காகப் பேசுகிறவனிடம் அந்தத் தாள் இருப்பதேயில்லை. வாயில்லா ஜீவன் என்கிறோம். வாய் இருக்கிறது, ஓக்ஜா தொண்டை கிழியக் கத்தத்தான் செய்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் பொறுப்பை யாரோ எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மனிதக் குழந்தை வாய்விட்டுச் சொன்னதையே, நல்ல நோக்கத்துக்காக, மாற்றிச் சொல்லிவிட்டான் ஒருவன். பன்றி சொன்னதை எப்படி மாற்றிச் சொல்வான்? பாங் காட்டுவது இந்தச் சங்கடத்தை. இளக்காரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

'ஓக்ஜா'வில் வரும் விலங்கு விடுதலை முன்னணி நிஜமாகவே இருப்பது. 1976இல் பிரிட்டனில் தொடங்கியது. தலைமை அலுவலகம் கிடையாது, உறுப்பினர் பட்டியல் கிடையாது. விதிகளை ஏற்று நடக்கும் யாரும் அந்தப் பெயரில் இறங்கலாம். மனிதரோ விலங்கோ, எவருக்கும் ஊறு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஜே ஆளைப் பிடித்து அமுக்கிக்கொண்டே மரியாதையாகப் பேசுவதெல்லாம் இந்த விதியிலிருந்து பிறந்த வேடிக்கை. கரியமிலத் தடத்தைக் குறைப்பதற்காகச் சாப்பிடாமல் மயங்கி விழும் சில்வர் எனக்குப் பிடித்தமானவன். நம் இயக்கங்களிலும் அப்படி ஒருவரை எல்லாருக்கும் தெரியும்.

'12 மங்கீஸ்' விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. டெர்ரி கில்லியம் 1995இல் எடுத்த அந்தப் படத்தில் எதிர்காலத்து ஆட்கள் ஒரு சுவரெழுத்தை வைத்துக்கொண்டு உலகம் அழிந்த கதையைக் கட்டுகிறார்கள். குரங்கு முத்திரை, பக்கத்தில் 'நாங்கள்தான் செய்தோம்'. எதைச் செய்தார்கள்? கிருமியைப் பரப்பினார்கள் என்று படிக்கிறார்கள். அந்த முத்திரைக்குரிய விலங்குரிமைப் பையன்கள் செய்தது மிருகக்காட்சிசாலையைத் திறந்துவிட்டதுதான். ஃபிலடெல்ஃபியாவில் ஒட்டகச்சிவிங்கிகள் ஓடுகின்றன, அவ்வளவுதான். கிருமியைக் கொண்டுபோனவன் ஆய்வுக்கூடத்து ஊழியன். பிராட் பிட் கண்ணை உருட்டி உருட்டி நடித்துவிட்டதால் கோமாளி என்ற எண்ணம் உங்களுக்குத் தங்கிவிட்டது போல. படம் உண்மையில் அவர்கள் மேல் விழுந்த பழியை நீக்குகிறது.

'28 டேஸ் லேட்டர்' பற்றி நீங்கள் சொல்வது சரி. கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் சிம்பன்சிகளைத் திறந்துவிட வருகிறார்கள், அவற்றுக்குத் தொற்று இருக்கிறது என்று விஞ்ஞானி கெஞ்சுகிறான், என்ன தொற்று என்றால் 'வெறி' என்கிறான், அவர்கள் கேட்கவில்லை. கதை தொடங்க ஒரு தீக்குச்சி வேண்டியிருந்தது, அதற்கு மேல் அந்த ஆட்களில் இயக்குநர் டேனி பாயலுக்கு அக்கறை இல்லை. ஆனால் அந்தக் குரங்கைக் கட்டிப்போட்டு என்ன பார்க்க வைத்திருந்தார்கள் என்று கவனித்தீர்களா? மனிதர்கள் மனிதர்களை அடித்துக் கொல்லும் கலவரக் காட்சிகளை.

இன்னும் இரண்டு படங்களைச் சொல்கிறேன், நீங்கள் குறிப்பிடாதவை. அக்னியெஷ்கா ஹாலண்ட் இயக்கிய போலந்துப் படம் 'போகோட்', 2017. ஆங்கிலத்தில் 'ஸ்பூர்'. (பார்க்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) எல்லையோர மலைக்கிராமம், வேட்டைதான் அங்கே கௌரவம். தனியாக வாழும் துஷேய்கோ என்ற முதியவள் வேட்டைக்காரர்களைப் பற்றிப் போலீஸுக்குப் புகார் எழுதுகிறாள், எழுதிக்கொண்டே இருக்கிறாள். யாரும் கண்டுகொள்வதில்லை. வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகும்போது, விலங்குகள் பழிவாங்குகின்றன என்கிறாள். கொன்றது அவளே. கே செய்ததன் உச்சம் இது. தன் கோபத்தை மானின் பெயரில் சொல்கிறாள். அவள் மேல் எனக்குப் பரிவு குறையவே இல்லை என்பதுதான் அந்தப் படம் செய்த மாயம். அது சரியா என்று இன்னும் எனக்குள் தகராறு ஓடுகிறது.

மற்றது 1985இல் வந்த 'டர்ட்டில் டயரி'. ரஸ்ஸல் ஹோபன் நாவல், ஹரால்ட் பின்டர் திரைக்கதை. புத்தகக்கடைச் சிப்பந்தி ஒருவனும், குழந்தைகளுக்கு எழுதும் ஒருத்தியும் லண்டன் மிருகக்காட்சிசாலையிலிருந்து கடலாமைகளைக் கடத்திக்கொண்டு போய்க் கடலில் விடுகிறார்கள். பென் கிங்ஸ்லி, கிளெண்டா ஜாக்சன். ஆமைகளைப் பராமரிக்கும் ஊழியனே உதவி செய்கிறான். முழக்கம் இல்லை, முகமூடி இல்லை. ஆமைகள் என்ன நினைக்கின்றன என்று யாரும் சொல்ல முயல்வதில்லை. தொட்டியில் சுற்றிச்சுற்றி நீந்துவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சகிக்காமை தங்களுடையது என்று அவர்களுக்குத் தெரியும். நாடகக்காரர் பின்டர் வாடிக்கையாளராக ஒரு நிமிடம் தலைகாட்டுவார், பார்த்துச் சிரியுங்கள்.

அப்புறம் உங்கள் மூன்று வாரம். 'ஓக்ஜா' எடுப்பதற்கு முன் பாங், அமெரிக்காவில் கொலராடோவில் ஒரு பெரிய இறைச்சிக்கூடத்தைப் போய்ப் பார்த்தார். வந்து சில காலம் அசைவத்தை விட்டார். ஊர் திரும்பியதும் பழையபடி சாப்பிடத் தொடங்கிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கொரியாவில் தெருவுக்குத் தெரு கறி சுடும் மணம். படம் எடுத்தவர் கதையே இது. தாய்மாமனுக்கு இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இந்தப் படங்கள் யாரையும் சைவமாக்கும் என்று நான் நினைக்கவில்லை. கெடா விருந்து இலையில் உட்கார்ந்தபோது ஒரு நொடி கை தயங்கியிருந்தால், அதைப் பயன் என்று சொல்லலாமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஓக்ஜாவின் காதில் நிறுவனமும் கருவி வைக்கிறது, போராளிகளும் கருவி வைக்கிறார்கள். மிஜா மட்டும் அதே காதைத் தூக்கி என்னவோ கிசுகிசுக்கிறாள். அது நமக்குக் கேட்பதில்லை, அதற்கு எந்த மொழியிலும் சப்டைட்டிலும் கிடையாது.

உங்கள் நாய்களுக்கும் அறுவை முடிந்ததற்கு அடையாளமாகக் காதோரத்தைக் கொஞ்சம் கத்தரித்துத்தானே பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறார்கள்? கூண்டைத் திறந்ததும் அது என்ன செய்கிறது? ஓடிவிடுகிறதா, நின்று திரும்பிப் பார்க்கிறதா? நான் பார்த்ததில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.