குறிப்பேட்டில் இல்லாத பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தாவரவியல் ஆய்வு மாணவன். ஆறு வார மழைக்காட்டுப் பயணம் ஒன்றில் சேரவிருக்கிறேன். காலையில் மரக் கணக்கெடுப்பு, மாலையில் நாற்று நடுவது, ஞாயிறுதோறும் கிராமத்தில் மருத்துவ உதவி என்று திட்டம். மூன்றையும் ஒரே பயணத்தில் செய்ய முடியுமா? ஊர்க்காரர்களுக்கு என்ன கொண்டுபோகலாம்? அட்டைக்கடிக்கு என்ன வழி?

ம.

அன்புள்ள ம.,

அட்டை இரண்டு நாளில் பழகிவிடும், விடுங்கள். ‘என்ன கொண்டுபோகலாம்’ என்ற வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. என்ன வேண்டும் என்று அவர்களிடம் உங்கள் குழுவில் யாராவது கேட்டீர்களா? கேட்காமலே ஞாயிற்றுக்கிழமை வரை எப்படித் திட்டம் போட்டீர்கள்?

உங்கள் வயதில் நானும் இதையேதான் செய்தேன். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடா சுற்றி மரங்களை அளந்துகொண்டிருந்தோம். ஒரு மாலை, காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் முகாமுக்கு வந்தாள். கையிலிருந்த மாத்திரைகளைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். மரங்களின் சுற்றளவெல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக என் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்தக் குழந்தையின் பெயர் இல்லை. பிழைத்ததா என்றும் தெரியாது.

கினாரி வெப்பைப் பற்றித் தேடிப் படியுங்கள். 1993இல் ஒராங்குட்டான்களை ஆராய்வதற்காக இந்தோனேசியாவின் குனுங் பாலுங் தேசியப் பூங்காக் காட்டுக்குப் போனவர். மருத்துவச் செலவுக்காக மக்கள் மரம் வெட்டுவதை அங்கே பார்த்தார். ஊர் திரும்பி டாக்டருக்குப் படித்தார். அப்புறம் அவருடைய குழு கிராமம் கிராமமாக உட்கார்ந்து 400 மணி நேரத்துக்கு மேல் மக்கள் பேசுவதைக் கேட்டது. மக்கள் கேட்டது, கட்டுப்படியாகும் மருத்துவமும் மரத்தை நம்பாமல் பிழைக்க விவசாயப் பயிற்சியும். 2007இல் மருத்துவமனை தொடங்கியது. பணமில்லாதவர் நாற்றோ எருவோ கொடுக்கலாம். மரம் வெட்டுவதை நிறுத்திய கிராமத்துக்குக் கட்டணம் குறைவு. பத்தாண்டு நோயாளிப் பதிவேட்டையும் செயற்கைக்கோள் படங்களையும் சேர்த்துவைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. ஒப்பிட்ட மற்றப் பூங்காக்களைவிட அங்கே காடழிப்பு சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததுதான் அங்கே காட்டைக் காத்த வேலை, அறிவியலும் அதிலிருந்தே வந்தது. நீங்களோ மூன்றுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குகிறீர்கள்!

உங்கள் மனசு நல்ல மனசு, கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் திட்டுகிறேன். போங்கள், ஆனால் முதல் வாரம் நாடா பையிலேயே இருக்கட்டும். உங்களுக்கு முன்னால் கத்தியோடு வழி வெட்டிக்கொண்டு போவாரே, அவரிடம் பேசுங்கள். அவர் வீட்டில் கடைசியாக யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, செலவுக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.