அம்மாவின் மூன்று ரொட்டிகள்

மதிப்பிற்குரிய ஐயா,

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கு வயது 38, உயரம் 155 சென்ரிமீற்றர். இரண்டு மாதங்களுக்கு முன் என் நிறை 81 கிலோவாக இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதால், கைத்தொலைபேசியில் உணவுக் கணக்கு வைக்கும் செயலியொன்றை ஏற்றி, நாளொன்றுக்கு 900 கலோரிக்கு மேல் உண்பதில்லை என்று முடிவு செய்தேன். காலையில் வெறும் வயிற்றோடு தொழிற்சாலைக்கு மேலுள்ள மேட்டில் ஒரு மணி நேரம் ஏறி இறங்குகிறேன். அதற்கு 600 கலோரி செலவானதாகக் கைக்கடிகாரம் காட்டுகிறது. முதல் ஐந்து கிழமைகளில் ஐந்து கிலோ குறைந்தது. கடைசி மூன்று கிழமைகளாக 76 கிலோவிலேயே நிற்கிறது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது, முடி கொட்டுகிறது, இந்த மாதம் மாதவிடாயும் வரவில்லை. உணவை 700 ஆகக் குறைக்கவா, அல்லது மாலையிலும் மேடு ஏறவா? இன்னும் நான்கு மாதங்களில், ஜனவரியில், சக ஆசிரியைகளோடு சிவனொளிபாதமலைக்குப் போகவிருக்கிறோம். அதற்குள் 65 கிலோவுக்கு வந்துவிட ஆசை. என் அம்மா முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். காலையில் மூன்று ரொட்டி சாப்பிட்டும் ஒருநாளும் பருத்ததில்லை. நான் ஒரு ரொட்டி தின்றாலே ஏறிவிடுகிறது. இது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
வாசகி

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் கேட்ட இரண்டில் எதையும் செய்யாதீர்கள். 700 ஆகவும் குறைக்க வேண்டாம், மாலையில் மேடும் ஏற வேண்டாம். தலைச்சுற்றலோடும் நின்றுபோன மாதவிடாயோடும் வந்த கடிதத்துக்கு ஓர் எழுத்தாளன் பதில் எழுதுவதே சற்றுத் துணிச்சலான காரியந்தான். மாதவிடாய் தள்ளிப் போவதற்குக் கருத்தரிப்பு முதல் தைரொயிட் கோளாறு வரை வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், இந்தப் பதிலை வாசித்து முடித்த கையோடு வைத்தியசாலைக்குப் போய், இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 35 வயதைக் கடந்தவர்களுக்கு இவற்றை இலவசமாகப் பார்க்கும் பிரிவு அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இருக்கிறது.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். உங்கள் வயது, உயரம், நிறை ஆகியவற்றை வழக்கமான சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், நாள் முழுவதும் அசையாமல் படுத்திருந்தாலும் உடல் ஏறத்தாழ 1,400 கலோரியைச் செலவிடும். மூச்சு, இதயத்துடிப்பு, உடற்சூடு, மூளை, ஈரல் எல்லாவற்றுக்குமான செலவு அது. பாடசாலை வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்தால் 1,900 அளவுக்கு வரும். நீங்கள் 900 உண்கிறீர்கள். அதிலிருந்தும் ஒரு பகுதியைக் காலையிலேயே மேட்டில் செலவிட்டுவிட்டு, மிச்சத்தில் உடல் தன் வேலைகளையெல்லாம் நடத்தட்டும் என்று விட்டுவிடுகிறீர்கள். அந்த மிச்சம் போதாதபோது, அன்றாடம் உயிர் தரிக்கத் தேவையில்லாத செலவுகளை உடல் முதலில் வெட்டும். முடி வளர்வது அப்படிப்பட்ட செலவு, மாதவிடாயும் அப்படித்தான். உங்களுக்கு நடந்திருப்பது அதுவாக இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

தராசு நகராமல் நிற்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் ஐந்து கிலோவில் கணிசமான பங்கு கொழுப்பே அல்ல. ஈரலிலும் தசையிலும் மாச்சத்து கிளைகோஜன் என்ற வடிவில் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். உணவைத் திடீரென்று வெட்டினால் முதலில் இரண்டும் சேர்ந்து வெளியேறுவதால் தராசு வேகமாக இறங்கும். அதன் பிறகு கொழுப்போடு தசையும் கரையத் தொடங்கும். உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும்; நீங்களும் அறியாமலே குறைவாக அசைவீர்கள், கரும்பலகையில் எழுதுகிற இடத்தில் கதிரையில் இருந்தபடியே சொல்லிக்கொடுப்பீர்கள். போதாக்குறைக்கு, பட்டினியும் களைப்பும் உடலில் தண்ணீரைத் தேக்கிவைத்து, உண்மையாகவே குறைந்த கொழுப்பைக்கூடத் தராசில் தெரியவிடாமல் சில கிழமைகள் மறைத்துவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விடயம் அல்ல. 1944 இலும் 1945 இலும் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். போர் முடிந்த ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்பதை அறிவதே அதன் நோக்கம். அந்த இளைஞர்கள் தம் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். இதயத்துடிப்பு மந்தமாயிற்று, தலை சுற்றியது, எப்போதும் குளிர்ந்தது, நாள் முழுவதும் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இருக்கவில்லை. அந்த அரைப்பட்டினியில் அவர்களுக்குக் கொடுத்த உணவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. அவர்கள் ஆண்கள், நிறைய நடக்கவும் வைக்கப்பட்டவர்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் உங்கள் 900 ஐ அதன் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள். வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1,200 க்குக் கீழே போக வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. உங்கள் நிறைக்கு அதுவும் குறைவு என்பேன்.

கைக்கடிகாரம் காட்டும் 600 ஐயும் நான் நம்பவில்லை. 2017 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு வகைக் கைக்கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன; கலோரிக் கணக்கில் மட்டும் அவற்றுள் மிகச் சிறந்தது கூடச் சராசரியாக 27 சதவீதம் பிழைத்தது. நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 76 கிலோ நிறையுள்ளவர் 100 மீற்றர் உயரம் ஏறுவதற்கு ஆகும் செலவு ஏறத்தாழ 70 கலோரி. தொழிற்சாலையிலிருந்து மேட்டு உச்சிக்கு 150 மீற்றர் உயரம் என்று வைத்தால் ஏற்றத்துக்கு 105, நடந்த தூரத்துக்கு இன்னொரு 200 வரை. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 300 அளவில் நின்றுவிடும். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் 120 கலோரி. அதாவது நூறு மீற்றர் மேட்டை மூச்சு வாங்க ஏறினாலும், தாளிக்கும்போது கை சற்றுத் தாராளமாகச் சாய்ந்தால் அந்தச் செலவு திரும்பி வந்துவிடும். உணவைக் குறைத்தே நிறை குறைகிறது. நடை, குறைந்ததைத் தக்கவைக்கவும் தசையையும் இதயத்தையும் காக்கவும் உதவுகிறது. நடையைக் கலோரிக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 600 கழிந்தது என்று கூடுதலாகத் தின்பதும் தவறு, தின்றதற்குத் தண்டனையாக மேடேறுவது அதைவிடத் தவறு.

அம்மாவின் மூன்று ரொட்டிகளைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அடுப்பில் சுடும் தடித்த ரொட்டிக்கு 80 கிராம் கோதுமை மாவும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் போகும். ஒன்று ஏறத்தாழ 400 கலோரி, மூன்று சேர்ந்தால் 1,200. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டு, பேர் பதியும் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து மலைக்கு ஏறி, ஈரப் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் சரிவில் நின்று, பதினைந்து இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து நிறுவை மடுவத்துக்கு இறங்கி, வீட்டுக்கு வரும் வழியில் விறகும் பொறுக்கி வருபவருக்காக அளந்து சுட்ட ரொட்டி அது. அதே ரொட்டியை, அதே தடிப்பில், ஓட்டோவில் பாடசாலைக்குப் போய்வரும் மகளும் சுடுகிறார். கைப்பழக்கம் அம்மாவுடையதாகவே இருக்கிறது, நாள் மாறிவிட்டது. என் வீட்டிலும் இதே கதைதான்.

ஆனால் அம்மா பருக்காமல் இருந்ததை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச்சோகையும் ஊட்டக்குறைவும் எவ்வளவு பழைய துன்பம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று ரொட்டியிலும் மா நிறைய இருந்தது. புரதமும் இரும்பும் மிகக் குறைவு. சாப்பாட்டோடு சேர்த்தே தேத்தண்ணி குடிப்பதால், உணவிலிருந்த கொஞ்ச நஞ்ச இரும்பையும் உடல் முழுமையாக ஏற்கவில்லை. நீங்கள் இப்போது 900 கலோரியில் செய்துகொண்டிருப்பதும் அந்தக் குறையையே விரும்பி வரவழைப்பதுதான்.

ஆகவே 1,400 க்குத் திரும்புங்கள். செலவு 1,900 என்றால் நாளொன்றுக்கு 500 குறைகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருப்பதால், கிழமைக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இது காகிதக் கணக்கு. நிறை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால், போகப் போக வேகம் தணியும். மீண்டும் உண்ணத் தொடங்கும் முதற்கிழமையில் தராசு ஒரு கிலோ ஏறினால் பதற வேண்டாம், முன்பு போன தண்ணீர் திரும்புகிறது, அவ்வளவுதான். இதைவிட மிக வேகமாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் உண்டாகும் ஆபத்தும் கூடும் என்பதை நம் ஊரில் அதிகம் பேர் சொல்வதில்லை.

எங்கே வெட்டுவது என்றால், முதலில் சீனியில். குளிருக்காக நாளுக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 50 கிராம், 200 கலோரி. அதைக் கைவிட்டால் பசி கூடுவதில்லை. நான் ஒரே நாளில் நிறுத்த முயன்று இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை பத்து நாளைக்கு அரைக்கரண்டி வீதம் படிப்படியாகக் குறைத்து வென்றேன். அடுத்ததாக, ரொட்டியை விட்டுவிடத் தேவையில்லை. ஒன்றை மெல்லியதாகச் சுட்டு, இரண்டாவது ரொட்டியின் இடத்தில் அவித்த கௌபியோ பச்சைப்பயறோ ஒரு கிண்ணம் வையுங்கள், முட்டையும் சேரட்டும். நிறை குறைக்கும் காலத்தில் தசை கரையாதிருக்க உங்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம் வரை புரதம் வேண்டும். சிறுநீரக வருத்தம் ஏதும் இருந்தால் மட்டும் இதை வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். முட்டை ஒன்றில் ஆறு கிராம், நூறு கிராம் உலர்ந்த பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் இருக்கிறது. நெத்தலிக் கருவாடு நல்லது, உப்பை ஊறவைத்துக் கழுவிவிட வேண்டும். மரக்கறிக்கு மலைநாட்டில் பஞ்சமா? லீக்ஸ், கோவா, போஞ்சி, கரட் எதுவானாலும் தட்டில் பாதியை அவை நிரப்பட்டும். தேங்காய்ப்பாலை முதற்பாலில்லாமல் இரண்டாம் பாலோடு நிறுத்திக்கொள்ளலாம். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

வெறும் வயிற்றோடு மேடேறுவதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. எனக்குச் சீனி வியாதி. இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் மாத்திரை ஒன்றை அக்காலத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். உங்களைப் போலவே ஆர்வக்கோளாறில் ஒருநாள் காலை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் பண்டாரவளையில் ஓர் ஏற்றத்தில் நடந்தேன். பாதி வழியில் கை நடுங்கி, வேர்த்து, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மேல் நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா இறங்கி வந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த சீனியை என் உள்ளங்கையில் கொட்டி, “நக்குங்க ஐயா மொதல்ல, பேச்சு பொறகு” என்று அதட்டி, தன் போத்தலிலிருந்த தேத்தண்ணியையும் மூடியில் ஊற்றித் தந்தார். அது அவருடைய பத்து மணித் தேத்தண்ணி. உங்களுக்குச் சீனி வியாதி இருப்பதாக எழுதவில்லை. ஆனால் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது இருந்தால், மாத்திரையின் அளவை வைத்தியரிடம் மாற்றிக்கொள்ளாமல் உணவைக் குறைக்க வேண்டாம்.

தலைச்சுற்றல் தீரும் வரை மேட்டை விட்டுவிட்டு, பாடசாலை மைதானத்தில் சமதரையில் அரைமணி நேரம் நடங்கள். பேச முடிகிற, பாட முடியாத வேகம் போதும். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. அரைமணி வீதம் ஐந்து நாளிலேயே 150 நிறைவேறிவிடும். கிழமையில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. அதற்கு ஜிம் தேவையில்லை, கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவதும், சுவரில் கையூன்றித் தள்ளுவதும் தொடக்கத்துக்குப் போதும். மேட்டுக்குத் திரும்பும்போது ஏற்றத்தைவிட இறக்கத்தில் கவனம் வையுங்கள். மூச்சு வாங்குவது ஏற்றத்தில் என்றாலும், முழங்கால் கெடுவது பெரும்பாலும் இறக்கத்தில். மழைநாளில் வழுக்கும் படிக்கட்டும், அட்டையும், குளவிக்கூடும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவையல்ல.

ஜனவரிக்குள் 65 கிலோ வராது. இன்னும் பதினேழு கிழமை இருக்கிறது. ஏழு கிலோ குறைந்தால் 69, அதுவே நல்ல விளைச்சல். தொடக்க நிறையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே பிரஷரிலும் இரத்தச் சீனியிலும் மாற்றம் தெரியும். உங்களுக்கு ஐந்து சதவீதம் ஏற்கனவே கடந்துவிட்டது. தராசோடு இடுப்புச் சுற்றளவையும் எழுதி வாருங்கள், நம் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழ் என்பது அளவுகோல்.

மலைக்குப் போவதற்கு 65 கிலோ வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. யாத்திரைப் பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசி வெசாக் வரை நீள்கிறது, ஜனவரியில் உடம்பு ஒத்துழைக்காவிட்டால் மார்ச்சில் போகலாம். மலையடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரம் ஏற வேண்டும்; ஏற்றத்துக்கு மட்டும் எழுநூறு கலோரி. அன்று இரவு கணக்குச் செயலியை வீட்டில் வைத்துவிட்டு, ரொட்டியும் சம்பலும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். இறங்குவதற்கு ஒரு தடியும், சீனி கொஞ்சமும் காகிதத்தில் மடித்துக் கையில் இருக்கட்டும்.