மாமிக்குள் பிசாசு என்று சொல்லும் ஜெபக்குழு: கொட்டாஞ்சேனைத் தங்கைக்கு

தங்கச்சி, மாமியோடு ஒரே வீட்டில் இருப்பதையும், சண்டைக்குக் காரணம் மாமிக்குள் இருக்கும் ஆவிதான், அவரோடு பேசாதே என்று ஜெபக்குழு சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே மனம் கனத்தது.

அவர்கள் காட்டிய வசனம் வேதாகமத்தில் பவுல் எழுதிய எபேசியர் நிருபம் 6:12. அதையே மெதுவாக வாசியுங்கள். நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்றுதான் அது தொடங்குகிறது. மாமி மாம்சமும் இரத்தமும்தானே? அவரை எதிரியாக்க அந்த வசனம் இடம் தரவில்லை.

கொஞ்சம் முன்னால் போங்கள். 5:22 முதல் 6:9 வரை பவுல் பேசுவது கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், அடிமைகள் எஜமான்கள் பற்றி, அதாவது ஒரு வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி. அதற்குப் பிறகுதான் சர்வாயுதவர்க்கம், அதாவது தேவன் தரும் முழுப் போர்க்கவசம், வருகிறது. அதில் காலுக்குப் போடுவது சமாதானத்தின் சுவிசேஷம். இன்னொன்று, அங்கே 'நீங்கள்' என்பது மரியாதைக்குச் சொன்னதல்ல, மூல கிரேக்கத்தில் பன்மை. சபை முழுவதும் சேர்ந்து நிற்கச் சொல்கிறார்.

இதே நிருபத்தில் 4:26, 27-ஐயும் பாருங்கள். பிசாசுக்கு இடம் கொடுப்பது எதனால் என்கிறார்? பொழுது சாய்ந்த பிறகும் ஆறாத கோபத்தால். எனக்கு இந்த இடம்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதிலாகத் தெரிகிறது.

அப்புறம், டொக்டர் உங்களுக்குத் தந்த நித்திரைக் குளிசையை டொக்டரிடம் கேட்காமல் நிறுத்தவே வேண்டாம். பவுலோடு இருந்த லூக்காவும் வைத்தியர்தான் (கொலோசெயர் 4:14).

ஜெபத்தை விடாதீர்கள். இன்றைக்கே மாமிக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்துப் பேச்சைத் தொடங்குங்கள். என்ன நடந்தது என்று வந்து எழுதுங்கள், நானும் ஜெபிக்கிறேன்.